இருப்புப்பாதை ஊர்களின் ஈமக்கடன் மனைகள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மங்களமாகக் கூடிய சபையில் மரணத்தைப் பற்றிப் பேசலாமா என்பர். பிறந்தார் யாவர்க்கும் ஒருநாள் வேண்டியதாகிய ஒரு தொழிலை, அந்நாள் வருமுன்னரே அறிந்துகொள்வதில் குற்றமில்லை என்பது என் எண்ணம். வந்தபின் ஆராய்ந்து பார்க்க எவருக்கும் மனம் இராது. அன்றியும், நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியிருக்கின்றனர். அங்கே ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், சுற்றத்தார் வந்து சேருமுன் வாயிலில் வந்து நிற்பவர் ஈமக்கடன் மனைக்காரரே. இறந்தவரை எடுத்துச்சென்று, நீராட்டி, உடுத்தி, உறவினர் காண வைத்து, அடக்கமோ தகனமோ முடியும் வரை எல்லாப் பொறுப்பையும் ஏற்கும் இடத்தை அந்நாட்டார் ‘பியூனரல் ஹோம்’ என்பர். அதனையே யான் ஈமக்கடன் மனை என்கிறேன்.

பெருநகரங்களில் உள்ளவற்றை விடுத்து, இருப்புப்பாதையால் உண்டாகி இருப்புப்பாதையால் வாழ்ந்த சிற்றூர்களில், ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் மனைகளைப் பற்றியே இன்று பேசுவேன். குடும்பமாகக் கூடித் தொழில் நடத்துவோர் யாவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா ஒன்று அவற்றின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது. குடும்பத்தின் பெயர் ஒன்றே நாணயத்துக்குப் போதிய உறுதியாகுமா என்பதே அவ்வினா. ஆகும் என்பதற்கும் அங்கே சான்று உண்டு. ஆகாது என்பதற்கும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுவேன்.

முதலில் அவ்வூர்கள் தோன்றிய வகையைச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் ஊர் இருந்த இடத்துக்கு ரயில் வந்தது என்பதைவிட, ரயில் வந்த இடத்தில் ஊர் எழுந்தது என்பதே பெரும்பாலும் பொருந்தும். நீராவி எஞ்சினுக்குச் சில மைல்களுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டியிருந்தது. அவ்விடங்களில் ரயில்வே கம்பெனியார் நிலையம் அமைத்து, நிலத்தைக் கூறுகளாக அளந்து விற்று, ஊருக்குப் பெயரும் இட்டனர். நெப்ராஸ்கா மாகாணத்தில் பர்லிங்டன் கம்பெனியார் 1870ஐ அடுத்த ஆண்டுகளில் தம் பாதையின் ஊர்களுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் வரிசைப்படியே பெயரிட்டுச் சென்றனர். கிரீட், டார்ச்செஸ்டர், எக்ஸிடர், பேர்மாண்ட், கிராப்டன், ஹார்வர்டு என்று அவ்வரிசை மேற்கு நோக்கிச் செல்கின்றது. தானியக் கிடங்கு, தபால் நிலையம், தேவாலயம், ஒரே கடைத்தெரு, அத்தெருவில் மேசை நாற்காலிக் கடை ஒன்று. இதுவே அத்தகைய ஊரின் உருவம்.

மேசை நாற்காலிக் கடையை யான் குறிப்பிட்டது காரணத்தோடுதான். பழங்காலத்தில் அந்நாட்டில் இறந்தவரை நீராட்டி உடுத்தும் பணி வீட்டுப் பெண்டிரையும் அண்டை வீட்டாரையும் சேர்ந்தது. சவப்பெட்டி செய்வது மட்டும் தச்சன் வேலை. தச்சன் நாளடைவில் மேசை நாற்காலி வியாபாரியானான். சவப்பெட்டியும் அவன் கடையிலேயே கிடைத்தது. குதிரை வண்டி வாடகைக்கு விட்டவன் சவ வண்டியும் வைத்திருந்தான். இவ்விருவருள் ஒருவரே காலப்போக்கில் ‘பொறுப்பேற்பவர்’ என்னும் பொருளுடைய ‘அண்டர்டேக்கர்’ என்ற பெயரைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். ஆகவே அத்தொழில் குருமாரிடமிருந்தோ வைத்தியரிடமிருந்தோ வந்ததன்று, கடைத்தெருவிலிருந்து வந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கடைத்தெருத் தொழிலைக் கல்வித் தொழிலாக மாற்றியது ஒரு யுத்தம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடபகுதி வீரர் பலர் தம் ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மாண்டனர். மகனது முகத்தை ஒருமுறை காணவேண்டும், சொந்த ஊர் மண்ணில் அடக்கவேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். கோடை வெயிலில் இது எங்ஙனம் கூடும்? இரத்தக் குழாய்களின் வழியே மருந்து நீரைச் செலுத்தி உடலைக் கெடாமல் வைக்கும் ‘எம்பாமிங்’ என்னும் பதமுறை அப்பொழுது பரவலாயிற்று. 1861ஆம் ஆண்டு மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட கர்னல் எல்ஸ்வொர்த் என்பவரது உடலை டாக்டர் தாமஸ் ஹோம்ஸ் இம்முறையில் பதம் செய்தார். செல்வமும் பதவியும் உடையோர் பலருடைய பிள்ளைகள் இவ்வாறு ரயிலில் வீடு திரும்பினர்.

இப்பழக்கத்தைப் பொதுமக்கள் மனத்தில் ஊன்றச் செய்தது ஆபிரகாம் லிங்கனின் இறுதிப் பயணம். 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். ஏப்ரல் 21ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட தனி ரயில், 1,600 மைல்களுக்கு மேல் சுற்றிச் சென்று மே 3ஆம் நாள் இல்லினாய் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரை அடைந்தது. பெருநகரங்களில் இலட்சக்கணக்கானோர் அவர் முகத்தைக் கண்டனர். வண்டி நில்லாத சிற்றூர்களில் குடியானவர்கள் இரவில் தீ வளர்த்துப் பாதையோரத்தில் தலைவணங்கி நின்றனர். இறந்தவர் தொலைதூரம் பயணம் செய்யக்கூடும், அவரைக் காண்போர் காத்திருக்கக்கூடும் என்பதை நாடு முழுவதும் அன்று கண்கூடாக அறிந்தது.

அதன்பின் இருப்புப்பாதையும் ஈமக்கடன் மனையும் பிரிக்கவொண்ணாத உறவாயின. சவம் சாமான் வண்டியில் ஏற்றப்பட்டது. ஆயினும் அதற்குப் பயணச்சீட்டு வாங்கவேண்டும். உறவினரோ பிறரோ ஒருவர் உடன் செல்லவேண்டும். நோய் பரவாதிருக்கச் சுகாதார அதிகாரிகளும் ரயில்வே கம்பெனியாரும் விதிகளை ஏற்படுத்தி, முறைப்படி பதம் செய்தோ காற்றுப் புகாமல் மூடியோ அனுப்பவேண்டும் என்றனர். இதனால் ஒவ்வொரு நிலையத்தூரிலும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டியவரானார். 1882ஆம் ஆண்டில் ஜோசப் கிளார்க் என்பவர் சின்சினாட்டி நகரில் பதமுறை கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டில் இத்தொழிலாளரின் தேசிய சங்கம் ரோச்செஸ்டர் நகரில் உருவாயிற்று. 1894இல் வர்ஜீனியா மாகாணம் பதம் செய்வோர்க்கு லைசென்சு வேண்டுமெனச் சட்டம் செய்தது. நகரத்துத் தொழிற்சாலையில் செய்த சவப்பெட்டிகளும் ரயிலிலேயே சிற்றூருக்கு வந்து இறங்கின. நகரில் மாண்ட மகனை ஊருக்குக் கொண்டுவந்ததும் அதே ரயிலே.

இனி அம்மனையின் உள்ளே செல்வோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேசை நாற்காலிக் கடைக்காரர் ஊரின் பெரிய வீடுகளுள் ஒன்றை வாங்கினார். கீழ்க்கட்டில் பிரார்த்தனைக் கூடமும் உறவினர் அமரும் அறையும். மேல்மாடியில் அவர் குடும்பம். ‘ஹோம்’ என்னும் சொல் வெறும் அலங்காரமன்று; அது மெய்யாகவே ஒரு குடும்பத்தின் வீடு. டெலிபோன் எந்த நேரத்திலும் மணி அடிக்கலாம். ஆதலின் எவரேனும் ஒருவர் வீட்டில் இருந்தே தீரவேண்டும். கீழே துக்கம் நடக்கும்போது மேலே குழந்தைகள் ஓசையின்றி நடக்கப் பழகினர். மனைவி கணக்கெழுதினாள், பூச்சரங்களை அடுக்கினாள், இறந்த மாதரின் கூந்தலை வாரிவிட்டாள். மகன் முதலில் நாற்காலிகளை எடுத்து வைத்தான். பின்னர் வண்டி ஓட்டினான். கல்லூரி சென்று லைசென்சு பெற்றுத் திரும்பி, பலகையில் தந்தையின் பெயருக்குப் பின் ‘புதல்வர்கள்’ என்ற சொல்லைச் சேர்த்தான்.

உயிருள்ளோர்க்கும் இவர்கள் உதவினர் என்பது பலர் அறியாதது. படுத்த நிலையில் ஒருவரை ஏற்றிச் செல்லக்கூடிய வண்டி சிற்றூரில் இவர்களிடம் மட்டுமே இருந்தது. ஆதலின் வயலில் விபத்து நேரினும், பாதையில் ஒருவர் அடிபடினும், பிரசவ வேதனை கண்டாலும் அவ்வண்டியே வந்தது. 1966ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகத்தார் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் பணியில் ஏறக்குறைய பாதியை 12,000 ஈமக்கடன் தொழிலாளரே செய்துவந்தனர் என்று கூறிற்று. பிழைத்தால் ஆஸ்பத்திரிக்கு, பிழையாவிடில் தம் மனைக்கே என்னும் இந்த ஏற்பாடு தகாது என்பதும், பயிற்சி பெற்ற உதவியாளர் வேண்டும் என்பதும் பின்னர் உணரப்பட்டன. 1970களில் அப்பணி பெரும்பாலும் வேறு கைகளுக்கு மாறிற்று. ஆயினும் அதுவரை அக்குடும்பத்தார்க்கு ஊரில் இருந்த மதிப்புக்கு அது ஒரு பெருங்காரணமாயிற்று.

குடும்பத்தின் பெயர் நாணயத்துக்கு உறுதியாகும் என்று யான் கூறியதன் பொருள் இங்கே விளங்கும். இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் விதவை ஒருத்தியிடம் அதிகம் வாங்கியவன், மறுநாள் தபால் நிலையத்தில் அவள் அண்ணனைக் காண்பான். ஞாயிற்றுக்கிழமை அவள் மாமனுக்குப் பக்கத்தில் தேவாலயத்தில் அமர்வான். அவன் பிள்ளை அவள் பிள்ளையோடு ஒரே வகுப்பில் படிப்பான். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்னும் நம் பழமொழி அங்கேயும் செல்லும். அவன் நேர்மைக்குக் காவலாக நின்றது குலப்பெருமையன்று. தான் சேவை செய்யும் மக்களின் கண்ணெதிரே தானும் வாழ்ந்தது.

நிற்க. இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். எவருடைய கண்ணெதிரே என்று கேட்டால், விடை அத்துணை இனிதன்று. தென் மாகாணங்களில் வெள்ளையரின் ஈமக்கடன் மனைகள் கறுப்பரை ஏற்கவில்லை. ஏற்றவையும் சமமாக நடத்தவில்லை. ஒரே நிலையம் உள்ள ஊரில் மனை இரண்டு, இடுகாடும் இரண்டு. இதனை இச்சபையில் யான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நமக்கு இது புதிய செய்தியன்று. அதனால் கறுப்பர் தமக்கென மனைகளை நடத்தினர். அவற்றின் வருவாய் முழுவதும் தம் மக்களிடமிருந்தே வந்தமையால், வெள்ளை முதலாளி எவரும் அவர்களை வேலையினின்று நீக்க இயலாதிருந்தது. 1950, 1960களின் உரிமைப் போராட்டத்தில் ஊர்தோறும் துணிந்து முன்நின்றோருள் இவர்கள் பலர் இருந்தமைக்கு இதுவே காரணம்.

இருப்புப்பாதையும் இம்மனைகளும் சேர்ந்து வரலாற்றை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன். மிசிசிப்பி மாகாணத்தில் டட்வைலர் என்னும் சிற்றூர், இரண்டு ரயில் பாதைகள் கூடுமிடத்தில் எழுந்தது. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அப்பகுதியிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சிகாகோவிலிருந்து வந்திருந்த எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்புச் சிறுவனை வெள்ளையர் கடத்திச் சென்று கொன்று ஆற்றில் எறிந்தனர். கிரீன்வுட் என்னும் ஊரின் கறுப்பு ஈமக்கடன்காரர் செஸ்டர் மில்லர், உடலைக் கொண்டுசெல்ல ஆற்றங்கரைக்கு அழைக்கப்பட்டார். அதிகாரிகள் அன்றே அங்கேயே புதைத்துவிட முயன்றனர், குழியும் தோண்டலாயினர். தாயார் மேமி டில் உடன்படவில்லை. உடல் டட்வைலர் ஊரின் ஈமக்கடன் மனையில் பதம் செய்யப்பெற்று, பெட்டியில் மூடி, ரயிலில் செப்டம்பர் 2ஆம் நாள் சிகாகோவை அடைந்தது. அங்கே ரேனர் என்பவரது மனையில் தாயார் பெட்டியைத் திறக்கும்படி வற்புறுத்தினார். மகனது சிதைந்த முகத்தை உலகம் காணட்டும் என்று முடிவு செய்தார். பல்லாயிரவர் கண்டனர், பத்திரிகைகளில் படமும் வந்தது. கொலையாளிகளை வெள்ளை ஜூரிகள் விடுதலை செய்தனர். ஆயினும் அம்முகத்தைக் கண்ட தலைமுறை வாளாவிருக்கவில்லை. பெட்டியைத் திறக்க ஒப்பிய மனைக்காரர் மறுத்திருந்தால், அச்சாவு ஒரு சிற்றூர்ச் செய்தியாகவே மறைந்திருக்கக்கூடும்.

இன்னொரு குறையும் உண்டு. துக்கத்தில் இருப்பவர் பேரம் பேசார். சவப்பெட்டி வாங்குபவர் தம் வாழ்நாளில் இரண்டொரு முறையே வாங்குகிறார். விற்பவரோ நாள்தோறும் விற்கிறார். ஊர்க்கண் இல்லாத இடங்களில், சிற்சில வேளை ஊர்க்கண் உள்ள இடங்களிலுங்கூட, இந்நிலை சுரண்டலுக்கு இடமாயிற்று. 1963ஆம் ஆண்டில் ஜெசிகா மிட்போர்டு என்னும் எழுத்தாளர் இத்தொழிலின் விலைகளையும் தந்திரங்களையும் கடிந்து எழுதிய நூல் நாடெங்கும் பரபரப்பை விளைத்தது. நெடிய விசாரணைகளுக்குப்பின் 1984ஆம் ஆண்டில் மத்திய வர்த்தகக் கமிஷனின் விதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பணிக்கும் பொருளுக்கும் தனித்தனி விலை குறித்த ஜாபிதாவை நேரில் கேட்பவர் கையில் கொடுக்கவேண்டும். டெலிபோனில் கேட்டாலும் விலை கூறவேண்டும். பதம் செய்வதைச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நேர்மையான குடும்பங்களுக்கு இவ்விதியால் இழப்பொன்றுமில்லை.

மூன்றாவதாக வந்த ஆபத்தே மிக நுட்பமானது. பெயரையே விலைக்கு வாங்கலாம் என்று சிலர் கண்டனர். டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் தம் குடும்பத்து மனையை நடத்திவந்த ராபர்ட் வால்ட்ரிப் 1962ஆம் ஆண்டில் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். அது பல மனைகளை வாங்கி, வண்டிகளையும் பதமிடும் கூடத்தையும் அவற்றுக்குப் பொதுவாக்கிச் செலவைக் குறைத்தது. இன்று அக்கம்பெனியிடம் 1,400க்கு மேற்பட்ட மனைகள் உள. கனடா நாட்டில் தந்தையின் மனையை ஏற்ற ரே லோவன் என்பவரும் அவ்வாறே ஒரு பெருங்கம்பெனி கண்டார். இருவரும் குடும்ப மனைகளில் வளர்ந்த பிள்ளைகள் என்பது கருதத்தக்கது. வாங்கிய மனைகளின் பழம்பெயர்களை இக்கம்பெனிகள் பெரும்பாலும் மாற்றவில்லை. பலகையில் தாத்தாவின் பெயர். லாபம் செல்வதோ தூரத்துப் பங்குதாரர்க்கு. வாயிலில் வருபவர் இதனை அறியார்.

இதற்கும் எதிர்ப்பு எழாமல் இல்லை. மிசிசிப்பி மாகாணத்துப் பிலாக்ஸி நகரில் குடும்ப மனைகளை நடத்திய ஜெரமையா ஓகீப் என்பவர், ஒப்பந்தத்தை மீறினர் என்று லோவன் கம்பெனியின் மீது வழக்குத் தொடுத்தார். 1995ஆம் ஆண்டில் ஜூரிகள் 50 கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தனர். மறு ஆண்டில் 17½ கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. 1999ஆம் ஆண்டில் லோவன் கம்பெனி கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடிற்று. அளவுக்கு மீறிக் கடன் வாங்கி மனைகளை வாங்கியதன் பயன் அது.

இவ்வளவுக்குப் பின்னும் அந்நாட்டு மனைகளுள் பெரும்பாலானவை குடும்பங்களின் கையிலேயே இருக்கின்றன. சிற்றூர்களில் கம்பெனியார்க்கு ஆசையில்லை. ஆண்டுக்குச் சில பத்துச் சாவுகளே நிகழும் இடத்தில் லாபம் ஏது? ஆனால் அவ்வூர்களுக்கு வேறு தொல்லைகள் உண்டு. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தபின், தண்ணீருக்காகவும் பழுது பார்க்கவும் வண்டி நிற்கவேண்டிய தேவை அற்றது. 1971ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் பயணிகள் ரயில் பணி ‘ஆம்டிராக்’ என்னும் புதிய நிறுவனத்துக்கு மாறியபோது, அதுவரை ஓடிய வண்டிகளுள் பாதி நின்றன. இளைஞர் வேலை தேடி நகரம் சென்றனர். தகனமும் பெருகிற்று. 1960ஆம் ஆண்டில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகவே தகனம் செய்யப்பட்டனர். 2023ஆம் ஆண்டில் அது 60 அளவுக்கு உயர்ந்தது. தகனத்தில் மனைக்கு வருவாய் குறைவு. மகள் நகரில் கணக்கராகவோ நர்ஸாகவோ இருக்கிறாள். நள்ளிரவு டெலிபோனுக்கு எழ அவள் விரும்பவில்லை. அவளைக் குறைகூறல் தகாது. ஆயினும் அம்மனை மூடப்பட்டால், ஊரில் எஞ்சிய முதியோர் ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள அறியாத ஒருவரையே நம்பியிருக்க நேரும்.

இனி, அந்நாட்டில் பிள்ளைகளை உடையோர்க்குச் சில வார்த்தை. நம்மவர் வழக்கப்படி விரைவில் தகனம் செய்வதாயின் பதமிடுதல் பொதுவாக வேண்டியதில்லை. விலையுயர்ந்த பெட்டியும் வேண்டியதில்லை, எளிய பெட்டி போதும். பெட்டியை வெளியில் வாங்கினும் மனைக்காரர் மறுக்கலாகாது. அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கலாகாது. மூத்த மகன் தகன உலையின் பொத்தானைத் தன் கையால் அழுத்த இடந்தரும் கூடங்கள் உள, முன்னரே கேட்டுக்கொள்ளவேண்டும். உடலைத் தாய்நாட்டுக்கு விமானத்தில் கொண்டுவருவதாயின், பதம் செய்த சான்றும், மரணச் சான்றும், இந்தியத் தூதரகத்தின் இசைவும் வேண்டும். இவற்றை ஒழுங்குசெய்பவரும் அம்மனைக்காரரே. அன்று சாமான் வண்டியில் நடந்தது இன்று விமானத்தில் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் முன் கேட்கவேண்டியவை மூன்று: விலை ஜாபிதா எங்கே? இம்மனையின் உடைமையாளர் யார்? எங்கள் தந்தையின் உடலை யார் கையால் தொடுவர்? நேர்மையானவர் இவற்றுக்கு முகம் கோணாமல் விடை தருவர்.

அன்பர்களே! நம்முள்ளும் கடைப்பலகையில் பாட்டனார் பெயரைத் தாங்கித் தொழில் நடத்துவோர் பலர். அப்பெயர் பிதிரார்ஜிதமாக வரலாம். அதன் மதிப்பு அவ்வாறு வருவதில்லை. ஊரார் கண்ணெதிரே வாழ்ந்து, விலையை வெளிப்படையாக வைத்து, வாசலுக்கு வந்தவர் எவராயினும் ஒன்றுபோல நடத்தும் வரையில்தான் அது மதிப்புடையது. அந்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் சில குடும்பத்தார், சரக்கு ரயில் நில்லாமல் கடந்துபோகும் தெருவில், நள்ளிரவு மணி அடித்தவுடன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். தொழிலின் மானம் இத்தகையோரால் காக்கப்படுகிறது.